புத்தகக் கடைக்காரர் மார்ட்டின் சாஸ்ட்ரே

தோழர்களே, வடக்கனந்தலில் நம் தெருவில் படிப்பகம் திறக்கிறோம். அதனால் புத்தகக் கடை வைத்ததற்காகச் சிறைக்குப் போன ஒரு கறுப்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்ட்டின் சாஸ்ட்ரே, 1923-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். பஃபலோ நகரில் கடை நடத்தினார். கறுப்பின இளைஞர்கள் காசு கொடுக்காமலே அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். 1967-இல் கறுப்பர் எழுச்சி வெடித்தது. சில வாரங்களில் ஹெராயின் விற்றதாக அவரைக் கைது செய்தார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி. 41 ஆண்டு வரை தண்டனை. பொய் வழக்கை நமக்கு விளக்கவா வேண்டும்?

கறுப்பு தேசியவாதியாக உள்ளே போனவர் சிறையில்தான் அரசின்மைவாதி ஆனார். கறுப்புச் சிறுத்தைகளில் இருந்த லொரென்சோ எர்வினுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அரசே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தும் இங்கே புகார் வாங்க வைக்கவே போராட வேண்டியிருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால்?

அவரும் நீதிமன்றத்தை விடவில்லை. சிறையிலேயே சட்டம் படித்து, ஓராண்டுக்கும் மேலான தனிக்கொட்டடியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1970-இல் கறுப்பினப் பெண் நீதிபதி மோட்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அதில் ஒரு பகுதி அடிபட்டது. சாட்சி பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட பிறகும் 1975 இறுதியில்தான் தண்டனை குறைக்கப்பட்டது.

நம் அலமாரியில் சட்டப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. முதலில் அதை வாங்குங்கள்.