கட்டி தெரிஞ்சதுக்கு அப்புறம்

அக்டோபர் வந்தா போதும், ஊர் முழுக்க பிங்க் ரிப்பன். ஐடி கம்பெனியில இருந்தா, மேமோகிராம் பேக்கேஜுக்குத் தள்ளுபடின்னு ஹெச்.ஆர். கிட்டேயிருந்து மெயில் வரும். நல்லதுதான். ஆனா அதே ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு அந்த மெயில் போகாது. இன்னிக்கு அவங்களைப் பத்திப் பேசலாம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். இந்திய அளவில் 0.9. "பார்த்தியா, நாமதான் முன்னாடி"ன்னு உடனே கிளம்பிடாதீங்க. நூத்துக்கு 94 பேர் இன்னும் வெளியில நிக்கிறாங்க.

"எல்லாருக்கும் மேமோகிராம் எடுக்க அரசாங்கத்துக்கு ஏது காசு?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் மும்பையில இருக்கு. டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை, சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதிப் பகுதிகளில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதிக்க வெச்சாங்க. மெஷினே கிடையாது. மீதிப் பகுதிகளில் விழிப்புணர்வு மட்டும். 20 வருஷம் தொடர்ந்து கவனித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் ஆரம்பக் கட்டத்திலேயே அதிகம் பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. 50-க்குக் கீழே அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியலை, அதையும் சொல்லிடணும்.

30 முதல் 65 வயது வரை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-லேயே வந்தாச்சு.

எனக்குப் பயம் அடுத்த கட்டத்துலதான். கட்டி இருக்குன்னு நர்ஸ் சொன்னதும் ஸ்கேன், பயாப்ஸி, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பு, ஆபரேஷன். கதிர்வீச்சுன்னா வாரத்துக்கு அஞ்சு நாள், பல வாரம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல சிகிச்சைக்கு வழி இருக்கு. அத்தனை நாள் கூலியை யார் தருவா? பிள்ளைகளை யார் பார்த்துப்பா? பாதியிலேயே நின்னு போறது இங்கேதான். முதல் தடவை மருத்துவரைப் பார்த்ததுலேர்ந்து 60 நாளுக்குள்ள நோய் உறுதியாகணும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முடிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் இலக்கு வெச்சிருக்கு. நாம முகாம் நடத்தினா "இத்தனை பேரைப் பரிசோதித்தோம்"னு போர்டு வைக்கிறோம். கட்டி இருந்தவங்க 60-வது நாள் எங்கே இருந்தாங்க? மாவட்ட வாரியா இந்தக் கணக்கு வெளியில வரணும். சிகிச்சை நாட்களுக்குக் கூலி ஈட்டுத்தொகையும் திட்டத்துலயே இருக்கணும்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. உங்க அம்மாவையோ அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கே காசு வாங்க மாட்டாங்க. "கட்டி இருந்தா அடுத்து எங்கே அனுப்புவீங்க, எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டுட்டு வந்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதை வாசிக்கிறேன்.