பழைய மோட்டாரும் வீட்டுப் பட்டறையும்



ஒரு பொருளைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டால், அப்பொருளைக் காக்கும் பொறுப்பு யாரைச் சேரும்? உதிரி உறுப்புகளை விற்றவர் வேறு வாணிகத்துக்குப் போய்விடுவார். அதைப் பழுதுபார்க்கப் பயின்ற தொழிலாளர் முதுமையுற்று ஓய்ந்திருப்பார். பொருளை வைத்திருப்பவர் ஒருவரே எஞ்சி நிற்பார். பழைய மோட்டார் வண்டிகளை வீட்டில் வைத்துக் காப்பவர்களின் நிலை இதுவே. வண்டி அவர்களுக்கு உடைமை. அதைப் பற்றிய அறிவோ அவர்களிடம் வந்து சேர்ந்த அடைக்கலப் பொருள். அந்த அறிவைப் பேணாதவர் வண்டியைப் பேண இயலாது. சில வேளைகளில் உயிரையும் பேண இயலாது.

இதற்கு எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959-இல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற சிறு காரை வெளியிட்டது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1961 முதல் அதே வண்டியை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரில் இங்கே செய்து விற்றது. பின்னாளில் அதற்கு நான்கு கதவுகளும் அமைத்தார்கள்; தாய்நாடாகிய இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு செய்யப்பட்டதில்லை. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று பெயர்களே நம் சாலைகளில் பெரிதும் வழங்கிய காலம் அது. ஹெரால்டு 1970-களின் தொடக்கத்தில் நின்றது. 1980-களின் இறுதியில் அந்நிறுவனம் கார் செய்யும் தொழிலையே விட்டது.

வீட்டு முற்றத்தில் வைத்துப் பழுதுபார்ப்பதற்கு இதனினும் இசைந்த வண்டி அரிது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அந்நாளில் மற்ற நிறுவனங்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாய் இணைந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையோ, போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் செய்து வாங்க வழியில்லாமற்போகவே, தனியாக ஒரு சேஸிஸ் அமைத்து, பல இடங்களில் செய்த தகடுகளை அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கினார்கள். இடுக்கண் ஒன்று நன்மையாய் முடிந்தது. முடுக்கியதை நாம் கழற்றலாம். கழற்றியதைச் செப்பனிட்டு மீண்டும் முடுக்கலாம். முன்பக்கத்து பானெட் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். இயந்திரமும் முன்சக்கரத்து மூட்டுகளும் கண்ணுக்கு நேரே தெரியும்.

கருவிகளில் முதற்கவனம் ஸ்பானருக்கு உரியது. அவ்வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. இன்று கடைகளில் விற்கும் ஸ்பானர்களோ மில்லிமீட்டர் கணக்கின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் பொருந்தியதுபோலத் தோன்றும். அழுத்தித் திருகியதும் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஆகவே அங்குல ஸ்பானர் தொகுதி ஒன்றை வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குதல் நலம்.

துடைப்பதற்கு வேண்டிய பொருளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தார். இன்று இவ்வூர் பஞ்சாலை நகரமாகவே அறியப்படுகிறது. ஆலைக் கழிவுப் பஞ்சு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதற்கு மிக நன்று. எனினும் கார்புரேட்டரின் உள்ளேயும் பிரேக்கின் உள்ளேயும் அதைக் கொண்டு போகலாகாது. ஓர் இழை போதும், கார்புரேட்டரின் சிறு துளையை அடைத்துவிட. அங்கே இழை உதிராத துணியே வேண்டும்.

வண்டி கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்குப் புதிதாய் வந்த இளைஞர், "ஐயா, கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிடட்டுமா?" என்று திருப்புளியோடு நிற்பார். "கழற்றலாம் தம்பி, முதலில் தீப்பொறி வருகிறதா என்று பார்" என்பதே தக்க விடை. ஒரு ஸ்பார்க் பிளக்கை வெளியே எடுத்து, அதன் கம்பியோடு சேர்த்து, இயந்திரத்தின் இரும்பில் படும்படி வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறக்கும் முன்பே இச்சோதனையைச் செய்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவியும் தீப்பொறியும் ஒருங்கே இருத்தல் கூடாது. பொறி இல்லையெனில் பாயிண்டின் இடைவெளியை அளக்க வேண்டும். அது ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டு அதில் 15 கூறு இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி 25 கூறு. பொறி நன்றாயிருந்தால் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கலாம். பம்பின் அடியில் கையால் அசைக்கும் சிறு நெம்புகோல் இதற்கென்றே உள்ளது. காரணம் அறியாமல் கழற்றுபவர் ஒரு கோளாற்றை மூன்றாக்கிவிடுவார்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சித்திரை வெயிலில் இவ்வளவு சிறு தொலைவிலும் பழைய வண்டி நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. சூட்டினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்பைச் செயலற்றதாக்குவதே பெரும்பாலும் காரணம். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி, சிறிது நேரம் மரநிழலில் நிறுத்தினால் போதும். வண்டி தானே இசைந்து வரும்.

இனி, உயிரோடு தொடர்புடைய இரண்டு செய்திகளைக் கூறுகிறேன்.

ஹெரால்டின் பல மூட்டுகளில் ரப்பரும் நைலானும் வைத்து, கிரீஸ் இடும் வேலையைக் குறைத்திருந்தார்கள். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, மரையிடப்பட்டு, ஒரு வெண்கல உறைக்குள் திரும்பும்படி அமைந்துள்ளது. அவ்வுறைக்கு டிரன்னியன் என்று பெயர். அதற்கு இட வேண்டியது கிரீஸ் அன்று. 90 எண் கியர் ஆயில். இரண்டும் வழவழப்பானவைதாமே என்று கிரீஸை அடைத்தால், அது மரையின் இடுக்குகளில் பரவாமல் ஒருபுறம் இறுகி நின்றுவிடும். நீர் புகும், துரு ஏறும், தண்டு மரையின் அருகே விரிசல் காணும். ஒருநாள் வளைவில் திரும்புகையில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இவ்வளவு பெரிய கேட்டைத் தடுப்பது ஒரு சிறு வேலை. அடைப்பானைக் கழற்றி, நிப்பிளை மாட்டி, எண்ணெய் மேலே கசியும்வரை செலுத்த வேண்டும். வண்டி குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பிரேக். இக்கால வண்டிகளில் பிரேக்குக் குழாய்கள் இரு பிரிவாக அமைந்துள்ளன. ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். ஹெரால்டில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரிவு. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் மிதிகட்டை தரையைத் தொட்டுவிடும். கைபிரேக் ஒன்றே துணை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது; அந்த ஈரம் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். பிரேக்கின் ரப்பர் வளையங்களைப் பெட்ரோலிலோ இயந்திர எண்ணெயிலோ கழுவக் கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வண்டியின் அடியில் புகுந்து வேலை செய்வோருக்கு ஒரு சொல். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் உரியது. தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். செங்கல் அடுக்கை நம்பலாகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்; பின்புறத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் ஓடும்போது, ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரையே தேர் நம்பி நிற்கிறது. வீட்டு வண்டிக்கும் அத்தகைய கட்டை வேண்டும்.

காலம் மாறியதால் வந்த புதிய கவலைகளும் உள. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஒழிந்தது. மக்களின் உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆனால் பழைய இயந்திரத்தின் வால்வு இருக்கைகளுக்கு ஈயப்படிவு ஒரு காப்பாக இருந்து வந்தது. டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால், இருக்கை தேய்கிறது என்பது பொருள்; அப்போது கடினமான இருக்கை வளையம் பொருத்த வேண்டும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கிக் கசியச் செய்யும். அதைத் தாங்கும் புதுக் குழாய்களை மாற்றிக்கொள்வது தீவிபத்தைத் தவிர்க்கும் வழி.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. இருக்கை வளையம் பொருத்துவதும், பிரேக் டிரம்மைக் கடைவதும் லேத் பட்டறையின் வேலை. விரிசல் கண்ட சேஸிஸுக்கு வெல்டிங் செய்வதும் தேர்ந்த கையின் வேலையே. தன் கையால் ஆவது எது, ஆகாதது எது என்று பிரித்தறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதி.

அரசும் இத்தகைய வண்டிகளுக்கு ஓர் இடம் அளித்துள்ளது. ஐம்பது ஆண்டு கடந்து, பழைய வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைத் தனிப் பிரிவில் பதிவு செய்துகொள்ள 2021-இல் விதி வகுக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்துதல் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டு செல்லலாம். கடைசி ஹெரால்டும் அந்த ஐம்பது ஆண்டைக் கடந்துவிட்டது.

முடிவாக ஒரு வேண்டுகோள். வண்டியோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த எண்ணெய் மாற்றப்பட்டது, எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர், டிரன்னியனுக்கு எண்ணெய் இட்டது எப்போது, எந்த உறுப்பை எந்த ஊரில் பெற்றோம் என்பனவற்றை அதில் எழுதுங்கள். வேலை நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளை அருகில் நிறுத்தி, கழற்றிய உறுப்புகளை வரிசையாகத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேற்றுமை வேண்டா. "கிரீஸ் ஏன் கூடாது?" என்று அவர்கள் கேட்டால், வேலையை நிறுத்திவிட்டு விடை சொல்லுங்கள். அந்த விடையைச் சொல்லித்தர இனி வேறு தொழிற்சாலை இல்லை.