வீட்டில் ஒரு புல்தரை: சித்திரை முதல் பங்குனி வரை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பயனுள்ளதா ஏதாவது பேசுங்க சார்" என்றார். நான் விஞ்ஞானியும் இல்லை, தொழிலதிபரும் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து 2012-ல் ஓய்வு பெற்றவன். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டு முன்னால் புல் வளர்த்தேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் ஒரு தப்பும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா தறி நெய்தவர். வீட்டு முன்னால் இருந்த காலி இடத்தில் விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு தறி போயிற்று, பாவும் போயிற்று. 600 சதுர அடி வெறும் மண்ணாகக் கிடந்தது. கைலாசநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தொல்லியல் துறையினர் அங்கே வைத்திருக்கும் புல்தரையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை. மணற்கல் கோபுரம், அதைச் சுற்றிப் பச்சை. நம் வீட்டிலும் அப்படி இருந்தால் என்ன?

2013 ஆடியில் நர்சரியிலிருந்து கொரியன் புல் வாங்கி வந்து பதித்தேன். கம்பளம் மாதிரி இருந்தது. நடுவில் அருகம்புல் தலைகாட்டினால் களை என்று பிடுங்கி எறிவேன். பிள்ளையாருக்கு வைப்பதையே பிடுங்கி எறிகிறேனே என்று அப்போது தோன்றவில்லை.

முதல் அடி 2015-ல் விழுந்தது. அந்த ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் தரையைச் சமமாகப் போட்டிருந்தேனே தவிர, தண்ணீர் வடிய வாட்டம் கொடுக்கவில்லை. நாலு நாள் தண்ணீர் நின்று பாதிப் புல் அழுகிப்போனது. குழித்தறிக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் நெசவே நின்றுவிடும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை, புல்லுக்கு அதை யோசிக்காமல் விட்டேன்.

அழுகின இடத்தில் புதுப் புல் பதித்தேன். பிறகு வந்தது 2019. சென்னை ஏரிகள் வறண்ட வருஷம். எங்கள் தெருவிலும் குழாயில் தண்ணீர் அருமையாகிவிட்டது. என் வீட்டு போரில் மட்டும் கொஞ்சம் இருந்தது. பகலில் மோட்டார் போட்டுப் புல்லுக்கு விட எனக்கே கூச்சம். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுவேன்.

ஒருநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா வந்தார். எழுபது வயதுக்கு மேல் ஆகியும் தறியில் உட்காருகிறவர். என்னைச் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து தெரியும். "தம்பி, ராவெல்லாம் மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதே, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? கூடமாட ஒத்தாசைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அவர் கையில் காலிக் குடம். குத்திக் காட்டவில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். கணக்குப் பிரிவுக்காரன் அதுவரை பார்க்கவில்லை, பாருங்கள்! 600 சதுர அடிக்கு வாரம் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 1,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 93 குடம்! வாரா வாரம் 93 குடத்தை மண்ணில் ஊற்றிவிட்டு, தெருவில் காலிக் குடத்தைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். வாசலுக்கு வெளியே ஒரு குழாய் இழுத்து, காலையில் ஒரு மணி நேரம் தெருவுக்குத் திறந்துவிட்டேன். கொரியன் புல் வைக்கோலாகிப் போனது. ஆடியில் அத்தி வரதரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "ஏன் இப்படி விட்டுட்டே?" என்று கேட்டார்கள். சும்மா சிரித்து வைத்தேன்.

பிறகு மழை வந்தது. பத்துப் பதினைந்து நாளில் பச்சை தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், ஆறு வருஷம் நான் பிடுங்கிப் போட்ட அதே அருகம்புல்! மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் அதன் தண்டு உயிரோடு இருந்திருக்கிறது. 'அருகுபோல் வேரூன்றி' என்று பெரியவர்கள் சும்மா வாழ்த்தவில்லை. இப்போது என் வாசல் முழுக்க அதுதான்.

புல்தரை போட நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைப் பருவ வாரியாகச் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசி: புதிதாகப் போடுபவர்கள் இப்போதே ஓர் அடி ஆழம் கொத்திப் போட்டுக் கத்திரி வெயிலில் காய விடுங்கள். கோரைக் கிழங்கைப் பொறுக்கி எடுங்கள். ஒன்று தப்பினாலும் ஊரைக் கூட்டிவிடும். புல் ஏற்கெனவே இருந்தால், ஒட்ட வெட்டாமல் உயரமாக விடுங்கள். மண்ணுக்கு அது நிழல். தண்ணீர் இருந்தால் வாரம் ஒரு தடவை, விடியற்காலையில், ஆழமாக விடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். தண்ணீர் இல்லையா? பழுக்க விடுங்கள். அருகு சாகாது.

ஆனி முதல் புரட்டாசி வரை: நடுவதற்கு இதுதான் காலம். மக்கிய சாணி எருவைக் கலந்து, வீட்டுப் பக்கமிருந்து வெளியே வடியும்படி லேசான வாட்டம் கொடுத்து, அருகம்புல் துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். வளர்ந்த பிறகு, இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். மாமரத்தடியில், வேப்பமரத்தடியில் புல்லுக்கு ஆசைப்படாதீர்கள். வெயில் இல்லாமல் அது வராது.

ஐப்பசி, கார்த்திகை: ஈரப் புல்லை வெட்டவும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். வடிகாலைத் திறந்து வையுங்கள். யூரியா மூட்டையைத் தொடாதீர்கள். மழையில் கரைந்து ஓடிவிடும்.

மார்கழி, தை: பனி ஈரம் இருக்கும். சாயங்காலம் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். வளர்ச்சியும் மந்தம்தான். அதை இதைப் போட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

மாசி, பங்குனி: களை எடுத்து, சலித்த எருவை மெல்லிசாகத் தூவி, கோடைக்குத் தயார் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். அரிசி கழுவின தண்ணீரைத் தாராளமாக விடலாம். சாயப் பட்டறைத் தண்ணீரை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள்.

நண்பர்களே, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் புல்தரை, மாதா மாதம் மழை பெய்யும் இங்கிலாந்து மாதிரி ஊருக்குச் சரி. நம் ஊர்ப் புல் கோடையில் பழுக்கும், மழையில் துளிர்க்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிக்குழாய் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் அந்த அக்கா சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் வந்து என் புல்லில்தான் காலை நீட்டி உட்காருகிறார். ராத்திரி மோட்டார் ஏன் ஓடியது என்று நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவர் பேரனிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.