விண்ணோடம் சிதறிய நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?



‘நினைவும் ஆவணமும்’ என்ற பொருளில் நடக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி கேட்டார்கள். விடுதலைப் போராட்ட நினைவுகளைப் பற்றிப் பேசலாம், பஞ்சகாலக் கதைகளைப் பற்றிப் பேசலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொன்று. 1986-இல் சேலஞ்சர், 2003-இல் கொலம்பியா என இரண்டு அமெரிக்க விண்ணோடங்கள் அழிந்தன. ஒவ்வொன்றிலும் ஏழு பேர் மாண்டார்கள். செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் அந்த வயதுக்காரர்கள் யாரும் தயங்குவதில்லை. அறை, நேரம், பக்கத்தில் இருந்தவர் என்று எல்லாம் சொல்வார்கள். வாய்மொழி வரலாற்றில் இறங்கியிருக்கும் நாம் அன்றாடம் கையில் வாங்கும் சான்றின் தன்மையை இந்தப் பதில்கள் எனக்குப் புரியவைத்த அளவுக்கு வேறெதுவும் புரியவைக்கவில்லை. ஏனென்றால் இவற்றில் ஒரு பகுதியை மறுநாள் காலையிலேயே ஒருவர் எழுதி வாங்கி வைத்துவிட்டார்.

அவர் உல்ரிக் நைசர். அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் அப்போது உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1986 ஜனவரி 28 செவ்வாய்க்கிழமை காலை 11:38-க்குப் புளோரிடாவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் 73 நொடிகளில் வானில் சிதறியது. மறுநாள் காலை வகுப்புக்கு வந்த 106 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, செய்தியை எப்படி அறிந்தீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று எழுதச் சொன்னார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களில் 44 பேரை நைசரும் நிக்கோல் ஹார்ஷும் தேடிப்பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள்.

அந்தத் தாள்களில் ஒன்றைக் கவனியுங்கள். சமயவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகவும், உள்ளே வந்த சிலர் பேசிக்கொண்டதைக் கேட்டே விஷயம் தெரிந்ததாகவும், வகுப்பு முடிந்து அறைக்குப் போன பிறகே தொலைக்காட்சி பார்த்ததாகவும் ஒரு மாணவி மறுநாள் எழுதியிருக்கிறார். பின்னர் அதே மாணவி சொன்ன கதையில் வகுப்பே இல்லை. விடுதி அறையில் தோழியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், இடையில் செய்தி வந்தது, இருவரும் அதிர்ந்துபோனார்கள், பிறகு பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசினார். ஒவ்வொரு விவரமும் கண்முன் நிற்பதாக அவர் நம்பினார். அவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. 44 பேரில் 11 பேருடைய விடைகள் முழுக்கத் தவறு. முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். நம்பிக்கையில் மட்டும் குறைவில்லை. சராசரியாக ஐந்துக்கு நான்குக்கு மேல் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டிருந்தார்கள். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு யாருக்கும் மீளவில்லை. எழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது அப்படியில்லை என்று சாதித்தவர்களும் உண்டு.

இதற்கு முன்பே இந்தத் துறையில் ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. கென்னடி சுடப்பட்ட செய்தியை மக்கள் நினைவுகூரும் விதத்தை ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும், பேரதிர்ச்சியான கணத்தை மூளை படம்பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 1977-இல் எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1899-இல், எஃப். டபிள்யூ. கோல்குரோவ் என்பவர் லிங்கன் கொலைச் செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று 179 பேரிடம் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் 127 பேர் இடமும் நேரமும் சொன்னார்கள். சொன்னவர்களின் உறுதியையே இவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒத்துப்பார்க்க மறுநாள் தாள் என்று ஒன்று அவர்களிடம் இருக்கவில்லை.

எமரி தாள்களில் என்னைப் பெரிதும் யோசிக்கவைத்தது, தவறுகள் ஒரே திசையில் நகர்ந்திருப்பதுதான். தொலைக்காட்சியில் பார்த்துத்தான் முதலில் அறிந்தோம் என்று மறுநாள் எழுதியவர்கள் 21 விழுக்காடு. பின்னர் அப்படிச் சொன்னவர்கள் 45 விழுக்காடு. வழியில் எதிர்ப்பட்டவர் சொன்ன ஒற்றை வாக்கியம் மறைந்துபோகிறது. திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட புகைப்படலமும், அதைப் பார்த்தபோது அருகில் இருந்தவர்களும் தங்கிவிடுகிறார்கள். துயரம் எங்கே பகிர்ந்துகொள்ளப்பட்டதோ அந்த இடத்துக்கு நினைவு குடிபெயர்ந்துவிடுகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். நம் வாழ்க்கையை வரலாற்றோடு சேர்த்துக் கட்டும் இடம் இத்தகைய நினைவு என்று நைசரே எழுதியிருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால், பிழையான நினைவையும் குப்பையில் போட முடியாது.

நேரலையில் பார்த்த சிறுவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சேலஞ்சரில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற ஆசிரியை இருந்தார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போகிறவர். அதற்காகவே பள்ளிகளுக்கு நேரடி ஒளிபரப்பு ஏற்பாடாகியிருந்தது. அவர் பணியாற்றிய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்கார்டு உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் காகிதத் தொப்பி அணிந்து, ஊதல்களோடு அரங்கில் கூடியிருந்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரி 1 அன்று, ஹரியானாவின் கர்னால் நகரில் தாகூர் பால் நிகேதன் பள்ளியில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். அங்கே படித்த கல்பனா சாவ்லா தரையிறங்கப் போகிறார் என்ற மகிழ்ச்சி. இறங்கப் பதினாறு நிமிடங்கள் இருக்கையில் கொலம்பியாவோடு தொடர்பு அறுந்தது. டெக்சாஸ் வானில் அது சிதறிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு பள்ளிகளையும் நினைக்காமல் இந்தப் பொருளை என்னால் பேச முடியவில்லை. துறை எதுவானாலும், நாம் ‘தரவு’ என்று பதிவுசெய்வது இத்தகைய பிள்ளைகளுக்கு நேர்ந்ததைத்தான்.

கல்பனா சாவ்லாவின் பெயர் நம் வாழ்விலும் கலந்துவிட்டது. அதுவரை மெட்சாட் எனப்பட்ட இந்திய வானிலைச் செயற்கைக்கோளுக்கு நான்கே நாளில் ‘கல்பனா-1’ என்று பெயர் மாற்றப்பட்டது. துணிவும் சாகசமும் காட்டும் பெண்களுக்குத் தமிழக அரசு சுதந்திர தினத்தில் வழங்கும் விருதும் அவர் பெயரில்தான். ஆகவே அந்த நாளைப் பற்றி இங்கே கேட்டாலும் பதில் கிடைக்கும். காலை பிரேயரில் தலைமையாசிரியர் சொன்னார், எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம், அப்போதுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். கொலம்பியா சிதறியபோது இந்தியாவில் சனிக்கிழமை மாலை ஏழரை மணி. பள்ளி திங்கட்கிழமைதான் திறந்திருக்கும். இடையில் ஒரு முழு ஞாயிறு, தொலைக்காட்சியோடும் செய்தித்தாள்களோடும் கழிந்திருக்கிறது. பிரேயர் நடந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது செய்தி கேட்ட இடம் இல்லை, அழுத இடம். சேலஞ்சருக்கும் இதே கணக்குப் பொருந்தும். அது சிதறியபோது நமக்கு இரவு பத்து மணி கடந்திருந்தது. அன்று பகலில் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவர் எப்போதோ பார்த்த மறுஒளிபரப்பைச் சொல்கிறார். பேட்டி எடுக்கும் மாணவருக்கு ஒரு நாட்காட்டியும் நேர வேறுபாட்டுக் கணக்கும் கட்டாயம் வேண்டும்.

தனிமனிதர் நினைவு இப்படியென்றால், நிறுவனங்களின் நினைவு இன்னும் கவலைக்குரியது. சேலஞ்சரின் வலப்பக்கத் திட எரிபொருள் ராக்கெட்டில், பகுதிகள் இணையும் இடத்தை அடைக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துச் செயலிழந்தது. வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ். அதற்கு முந்தைய மிகக் குளிரான ஏவுதலே 12 டிகிரி அளவில்தான் நடந்திருந்தது. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி ஆறு மாதம் முன்பே இதை எழுத்தில் எச்சரித்திருந்தார். முந்தைய இரவுத் தொலைபேசிக் கூட்டத்தில் அவரும் சக பொறியாளர்களும் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். விசாரணை ஆணையத்தின் முன் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நெருக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துக் காட்டினார். நெருக்கலைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. எல்லாம் பதிவாயிற்று, அச்சாயிற்று.

ஆனாலும் 2003 வந்தது. கொலம்பியா கிளம்பிய 82-ஆவது நொடியில் வெளித் தொட்டியின் காப்பு நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இடது சிறகில் மோதியது. நுரை உதிர்வதை முந்தைய பயணங்களிலும் பார்த்துப் பழகிவிட்டதால் அது அபாயமாகத் தெரியவில்லை. சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களில் ஓ-ரிங் வளையங்கள் அரிக்கப்பட்டதைப் பார்த்துப் பழகியதைப் போலவே. சிறகைப் படமெடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் விடுத்த கோரிக்கைகள் நிறைவேறவில்லை. ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை, வரலாறும் ஒரு காரணம் என்று கொலம்பியாவையும் சேலஞ்சரையும் ஒப்பிட்டு ஓர் அத்தியாயமே எழுதியது. விண்வெளி வீராங்கனை சாலி ரைடு இரண்டு விசாரணைக் குழுக்களிலும் இருந்தார். அப்படி இருந்தவர் அவர் ஒருவரே. வரலாற்று மாணவர்கள் இந்த அறிக்கையை நம் துறை நூலாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆவணம் அலமாரியில் இருப்பதும் நினைவில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு, மாண்ட பதினான்கு பேரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு நாளும் இங்கே படிக்கப்படும் கட்டுரைகளில் பேட்டிகள் நிறைய வரும். கட்டுரையாளர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. பேட்டி எடுத்த தேதி, நிகழ்ச்சிக்கும் பேட்டிக்கும் இடையில் எத்தனை ஆண்டு என்பதை மேற்கோளுக்கு அருகிலேயே குறியுங்கள். பேசியவர் சொன்னதை ஆவணத்தோடு ஒத்துப்பாருங்கள். மாறுபட்டால் இரண்டையும் அச்சிடுங்கள். எழுபது வயதுப் பெரியவரின் முகத்துக்கு நேரே அவருடைய நினைவைப் பொய்யென்று நிறுவப் போகாதீர்கள். அவர் எந்த இடத்துக்கு அதை நகர்த்தினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களே, நாட்டை உலுக்கும் செய்தி அடுத்து எப்போது வந்தாலும், அன்று இரவே ஒரு தாளில் எங்கே, எத்தனை மணிக்கு, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் துறை நூலகத்தில் ஒப்படையுங்கள். அப்படி வரும் தாள்களுக்கென ஒரு கோப்பை இன்றே திறக்கும்படி வரலாற்றுத் துறைத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.