காசநோய்த் தடுப்பு



நம் பெருநகர் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலேதான், 1968இல், பி.சி.ஜி. தடுப்பூசியின் ஆற்றலை அறியும் பேராய்வு தொடங்கிற்று. 15 ஆண்டுகள் கண்காணித்தும், வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளை மூளைக்காசத்தினின்று அது காப்பதால், பிறந்தவுடன் தவறாது போடுகிறோம்.

பெரியவர்களுக்குக் காப்பு எது? ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார்க்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை அளித்தனர். அவை பெறாத குடும்பங்களைவிட அங்கே புதிதாய்க் காசமுற்றோர் 39 விழுக்காடு குறைவு என 2023இல் அறிவித்தனர். பருப்பில்லாக் கூழையும் காற்றில்லாக் குடிசையையும் நமக்கு விதித்தவர் யார் என்பது தனிக்கதை.

இரு வாரங்கட்கு மேல் இருமுவோர் சளியைச் சோதித்தல் வேண்டும். ஊரார் அறிவரே என்று அஞ்சி மறைப்போர் நம்மிடையே உளர். மறைத்த நோய் உடன் உறங்கும் பிள்ளையையே முதலில் பற்றும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; 2024 நவம்பர் முதல் உணவுக்கென மாதம் 1000 ரூபாயும் உண்டு. தனியே செல்லத் தயங்குவோர்க்கு நம் மாணவர் துணை வருவர்.