வானிலை அளவீட்டில் சிறு கணிப்பொறி

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்குமான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

பருவமழையை நம்பியுள்ள நாட்டில் மழையின் அளவு அறிவியல் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எப்போது விதைப்பது, அணையை எப்போது திறப்பது, இழப்பீடு யாருக்கு வழங்குவது என்பன போன்ற முடிவுகள் அதனைச் சார்ந்தே அமைகின்றன. 2016ஆம் ஆண்டு காரிஃப் பருவம் முதல் நடைமுறைக்கு வந்த மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், இழப்பீடு பொதுவாக அறுவடையை எடைபோட்டுக் கணக்கிடப்படுவதில்லை. அப்பகுதிக்கெனக் குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் பதிவே அதற்கு அடிப்படை. நிலையத்தில் பெய்த மழை, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வயலில் பெய்யாமற் போகலாம். பொருளியலார் இதனை ‘அடிப்படை இடர்’ என்பர். நிலையங்களை நெருக்கமாக அமைப்பதே இவ்விடரைக் குறைக்கும் வழி.

2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘விண்ட்ஸ்’ என்னும் வானிலைத் தகவல் வலையமைப்பு, வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களையும் ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளையும் நிறுவுவதை நோக்கமாகக் கொண்டது. கருவிகள் பெருகும்போது அவற்றின் இயல்பறிந்து பேணத்தக்கவர்களும் பெருக வேண்டும். அத்தகையோர் கல்லூரிகளிலிருந்தே வர வேண்டும். அவர்களுக்கு ஏற்ற பயிற்சிக் களமாக அமைவது ஒற்றைப் பலகைக் கணிப்பொறியாகும்.

பலகையும் முதல் இணைப்பும்

இவ்வகைக் கணிப்பொறிகளுள் நன்கறியப்பட்டது, 2012ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெரி பை. உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையின் ஓரத்தில், வரிசைக்கு 20 வீதம் இரு வரிசைகளில் 40 முனைகள் உள்ளன. வெளிக் கருவிகள் இம்முனைகளின் வழியாகவே கணிப்பொறியுடன் இணைகின்றன. இங்கு மறவாது கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. செய்தி பெறும் முனைகள் 3.3 வோல்ட் அளவையே தாங்கும். 5 வோல்ட் செலுத்தினால் பலகை பழுதடையக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிகளை இணைக்க வேண்டும்.

தொடக்க நிலையினருக்கு ஏற்றது பி.எம்.இ. 280 என்னும் உணர்கருவி. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் இது அளக்கிறது. இதற்கு நான்கு கம்பிகள் போதும். 1ஆம் முனையிலிருந்து 3.3 வோல்ட் மின்சாரம், 3ஆம் முனையில் தரவுக் கம்பி, 5ஆம் முனையில் காலத்துடிப்புக் கம்பி, 9ஆம் முனையில் தரை இணைப்பு என்பது முறை. இவை நான்கும் ஒரே வரிசையில் உள்ளன. கணிப்பொறியின் அமைப்புப் பட்டியலில் ‘ஐ-டு-சி’ என்னும் தொடர்பு முறையை இயக்கிவிட்டால், கருவி தன் முகவரியுடன் திரையில் தோன்றும். தோன்றாவிடில் நிரலைக் குறைகூறுமுன் கம்பிகளைச் சரிபார்த்தல் நன்று.

முதல் அளவீடே சில நேரங்களில் ஐயத்தை எழுப்பும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் அதே கருவி 910 அளவிலேயே காட்டும். இது கருவியின் பிழையன்று. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்; மேலே செல்லச் செல்லக் குறையும் வேகம் சற்றுத் தணியும். ஆகவே நிலையத்தின் உயரத்தைக் குறிக்காத அழுத்தப் பதிவால் பயனில்லை.

மழையை எண்ணுதல்

தானியங்கி மழைமானியில் புனலின் கீழே, தராசுத் தட்டுகளைப் போல் இரு சிறு கிண்ணங்கள் உள்ளன. ஒன்று நிறைந்தவுடன் கவிழ, மற்றது அதன் இடத்துக்கு வருகிறது. ஒவ்வொரு கவிழ்விலும் ஒரு காந்தம் சிறு சுவிட்சை நொடிப்பொழுது மூடித் திறக்கிறது. அதன் ஒரு கம்பியைத் தரை இணைப்புக்கும், மற்றதைச் செய்தி பெறும் முனைக்கும் கொடுத்தால், கணிப்பொறி செய்ய வேண்டியது எண்ணுவது மட்டுமே. கவிழ்வு ஒன்றுக்கு 0.2 மில்லிமீட்டர் எனில், 50 கவிழ்வுகள் 10 மில்லிமீட்டர் மழையாகும்.

ஆயினும் எண்ணுவதிலும் இரு பிழைகள் நேரலாம். சுவிட்சு மூடும்போது ஏற்படும் நுண்ணிய அதிர்வால் ஒரு கவிழ்வு இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணப்படலாம். ஒரு கவிழ்வுக்குப் பின் மிகச் சிறு நேரத்துக்குள் வரும் துடிப்புகளை விலக்குமாறு நிரலை அமைப்பது இதற்குத் தீர்வு. புனலில் இலையோ தூசியோ அடைத்துக்கொண்டால் மழை குறைவாகப் பதிவாகும். இதற்குக் கையால் துடைப்பதன்றி வேறு தீர்வில்லை.

இப்பிழைகள் அற்பமானவை அல்ல. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை மழைநாளாகக் கொள்கிறது. 12 கவிழ்வுகள் 2.4 மில்லிமீட்டர், 13 கவிழ்வுகள் 2.6 மில்லிமீட்டர். ஒரே கவிழ்வு, வறண்ட நாளை மழைநாளாக்கிவிடும். தொடர்ச்சியான வறண்ட நாட்களை எண்ணி இழப்பீடு தரும் ஒப்பந்தத்தில், அந்த ஒரு கவிழ்வு ஓர் ஊரின் இழப்பீட்டையே தடுத்துவிடக்கூடும்.

இதற்கான சோதனை எளிது. புனல் வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் எனில், 1 மில்லிமீட்டர் மழை 10 மில்லிலிட்டர் நீருக்குச் சமம். 100 மில்லிலிட்டர் நீரை மெதுவாகச் சொட்டவிட்டால் மேற்கண்ட மழைமானி 50 கவிழ்வுகளைக் காட்ட வேண்டும். வேறுபாடு இருப்பின் திருத்த எண்ணைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

இடமும் நேரமும்

வெப்பநிலைக் கருவியை வெயில் நேரே படாத, காற்று தடையின்றிப் புகும் வெண்ணிறக் கூட்டினுள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைப்பது மரபு. மொட்டைமாடியின் காரைத்தளம் இதற்கு உகந்ததன்று. கணிப்பொறிப் பலகையும் சூடாவதால், உணர்கருவியை அதனுடன் ஒரே பெட்டியில் வைத்தால் பலகையின் வெப்பமே அளவில் கலந்துவிடும். மழைமானியை மரம், சுவர் ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இருமடங்குக்குக் குறையாத தொலைவில் அமைக்க வேண்டும்.

மழை அளவு நம் நாட்டில் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது. நள்ளிரவில் நாளை முடித்துக்கொள்ளும் நிரல், அரசுப் பதிவுடன் ஒப்பிட இயலாத எண்களையே தரும். மேலும், ராஸ்பெரி பையின் 2023க்கு முந்திய வடிவங்களில் மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் இல்லை. மின்தடை மிகுந்த ஊர்களில் மின்கலத்துடன் கூடிய கடிகாரத்தைத் தனியே இணைத்தல் இன்றியமையாதது.

ஒப்பிடுதலின் தேவை

2024ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையைப் பதிவு செய்தது. அச்செய்தி நாடெங்கும் பரவியது. வானிலை ஆய்வுத் துறை அந்நிலையத்தின் கருவியைத் தரமான கருவியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அது ஏறத்தாழ 3 டிகிரி மிகுதியாகக் காட்டியதைக் கண்டறிந்து வெளியிட்டது. துறையின் கருவிக்கே இத்தகைய சோதனை தேவைப்பட்டதெனில், சில நூறு ரூபாய்க்கு வாங்கிய உணர்கருவிக்கு அது எத்துணைத் தேவை என்பதைக் கூற வேண்டியதில்லை.

ஆகவே மாணவர் அமைக்கும் நிலையம், அருகிலுள்ள அரசு நிலையத்துடன் ஒரு பருவம் முழுவதும் ஒப்பிடப்பட வேண்டும். கருவியின் இடம், உயரம், துடைத்த நாள், மாற்றிய நாள், கண்ட வேறுபாடு ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். இத்தகைய பதிவு காப்பீட்டுக்கான சான்றாகாது. ஆனால் இம்முறையில் பழகியவர் நாளை ஓர் ஊராட்சியின் மழைமானிக்குப் பொறுப்பேற்கும்போது, புனலில் கிடக்கும் ஓர் இலையின் விலை என்ன என்பதை அறிந்திருப்பார்.