பள்ளிக்கு முன்னே அடுக்களை
(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அரும்பணியை இக்கழகம் ஆற்றி வருகிறது. கல்வி விழாவில் குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆசிரியர் கைக்குப் பிள்ளை வந்து சேருமுன்னரே அடுக்களையில் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது என்பதே என் விடை.

முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. அதன்பின், பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்து குறைந்துவிடுவதால் வேறு உணவும் தேவை. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

இந்த வேளையில்தான் டப்பா மாவு நம் வீட்டில் நுழைகிறது. அதன் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. ஆயினும் டப்பா உயர்ந்தது, கேழ்வரகு தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மை விட்டபாடில்லை. கூலியாகக் கேழ்வரகும் கம்பும் அளந்து வாங்கியோரின் வழிவந்தவர்கள் நாம். அன்று தானியத்தோடு இழிவும் சேர்த்தே அளக்கப்பட்டது. அவ்விழிவு அளந்தவரைச் சாருமேயன்றித் தானியத்தைச் சாராது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

செய்முறை எளிது. மூன்று பங்கு கேழ்வரகையும் ஒரு பங்கு பாசிப்பயற்றையும் தனித்தனியே கழுவி, இரவு ஊறவைத்து, நீரை வடித்துத் தூய துணியில் கட்டி முளைவிடச் செய்யுங்கள். நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, முளையைத் தேய்த்து நீக்கி, அரைத்துச் சலியுங்கள். இரண்டு வாரத்திற்கு வேண்டிய அளவே போதும். பூஞ்சை மணம் வீசினால் கொட்டிவிடுங்கள்.

முளைகட்டிய மாவைச் சற்றுக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி இறுகிப்போகாது. குழந்தையின் வயிறு மிகச் சிறிது. நீர்த்த கஞ்சி அதை நிரப்புமே தவிர, உடலை வளர்க்காது. கரண்டியிலிருந்து ஒழுகி ஓடாத பதத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து, சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ சேருங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இருமுறை. ஒன்பதாம் திங்களில் அரைக் கிண்ணம், மூன்று நான்கு முறை. நன்கு வெந்த முட்டை, மசித்த ஈரல், முள் நீக்கிய மீன், முருங்கைக்கீரை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். ஓராண்டு நிரம்பும்வரை தேன் கூடவே கூடாது. உப்பும் சர்க்கரையும் வேண்டா.

தாய் வயலுக்குச் சென்றால் ஊட்டுவது யார்? பல வீடுகளில் மூத்த பெண்ணின் படிப்பு இதற்காகவே நின்றுபோகிறது. ஒரு குழந்தையின் உணவுக்கு மற்றொரு குழந்தையின் கல்வி விலையாகலாகாது. 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அச்சுமையில் அரசுக்கும் பங்குண்டு என வலியுறுத்தினார். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், ஆறு திங்கள் முதலே அங்கன்வாடியில் கிடைக்கும் ஊட்ட உணவு நம் உரிமை. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். தந்தையரும் மாவு அரைக்கட்டும், குழந்தைக்கு ஊட்டட்டும்.

கழகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். திங்களுக்கு இருமுறை நம் கட்டடத்தில் தானியம் முளைகட்டி, உலர்த்தி, பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யுங்கள். வரும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கான நம் மாணவர் பதிவேடு, இன்று ஆறு திங்கள் நிரம்பும் குழந்தையின் பெயரோடு தொடங்கட்டும்.